படகுக்கு அடியில் விளக்கு: டெல்டாக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். படகின் நீர்மட்டத்துக்குக் கீழே மாட்டி, தண்ணீருக்குள்ளேயே எரியவிடும் எல்இடி விளக்குகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. விளம்பரத்தில் காட்டுகிற நீலநிறத் தண்ணீர் நம்மிடம் கிடையாது, நம்முடையது ஆற்று வண்டல் கலந்த தண்ணீர். பாதிப் பதில் அதிலேயே அடங்கிவிடும்.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலும் இல்லை. ராத்திரி நங்கூரம் போட்டு நிற்கும்போது புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க, ஜெட்டியில் ஆள் ஏறி இறங்கும் இடத்தில் தண்ணீர் தெரிய, அப்புறம் உல்லாசப் படகு வைத்திருந்தால் அழகுக்கு, இவ்வளவுதான் இதன் பயன். முதல் வேலைக்கு மட்டும் என்றால் கையில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கக்கூடிய நல்ல டைவிங் டார்ச் ஒன்றே போதும், படகில் ஓட்டையே போட வேண்டாம். இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது.

அண்ணே, வெளிச்சம் போட்டால் மீன் கூடுமாமே? கணவாய் வருமாமே?

கூடும். விளக்கைச் சுற்றி முதலில் மிதவை உயிர்கள் சேரும், அதைத் தின்ன நெத்திலி, மத்தி மாதிரிப் பொடி மீன்கள் வரும், அதைத் தின்னப் பெரியது வரும், கணவாயும் வரும். ஆனால் அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, நம் நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் (12 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரை) எல்இடி உள்ளிட்ட செயற்கை வெளிச்சத்தை வைத்து மீன் பிடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் கட்டுப்பாடு, அங்கே 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. காரைக்கால்காரர்களுக்குப் புதுச்சேரி அரசின் விதிகள். உங்கள் ஊர் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள். வலையும் படகில் இருந்து, அடியில் சக்தி வாய்ந்த விளக்கும் இருந்தால், நான் அழகுக்குத்தான் வைத்தேன் என்று சோதனைக்கு வருபவரிடம் சொல்லி அவரை நம்பவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

சட்டத்தை விடுங்கள், ஊருக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. ஒரு படகு வெளிச்சம் போட்டுக் குஞ்சு குளுவானையெல்லாம் அள்ளினால் பக்கத்து பைபர் படகுக்காரருக்கு மறுநாள் வலையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, முரல். ஊசி மாதிரி வாய் உள்ள மீன் ராத்திரியில் வெளிச்சத்தைக் கண்டால் தண்ணீரை விட்டுத் துள்ளிப் பாயும். பெரிய முரல் பாய்ந்து உடம்பில் குத்தி ஆள் செத்தே போனதும் உலகத்தில் நடந்திருக்கிறது. விளக்கு எரியும்போது படகு ஓரத்தில் குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள்.

நீலமா, பச்சையா, வெள்ளையா?

நம் பக்கம் பச்சை. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

காரணம் எளிது. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். தெளிந்த ஆழ்கடலில் அதிக தூரம் போவது நீலம், அதனால்தான் வெளிநாட்டுப் படங்களில் எல்லாம் நீலமாக ஜொலிக்கிறது. ஆற்று நீர் கலக்கிற இடத்தில் கதை வேறு. மக்கிய இலை, சேறு, பாசி இவற்றிலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கும் பழுப்புச் சாயம் நீலத்தைத்தான் முதலில் தின்னும். மிஞ்சி நிற்பது பச்சை, சுமார் 520, 530 நானோமீட்டர் அலைநீளம். கொள்ளிடம் முகத்துவாரம், முத்துப்பேட்டை காயல், கோடியக்கரைக்கு மேற்கே பாக் நீரிணையின் சேற்றுப் பகுதி எல்லாமே இந்தக் கணக்குதான்.

வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் கலங்கல் தண்ணீரில் மிதக்கிற மண் துகள் அந்த வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மார்கழிப் பனியில் வண்டிக்கு ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைத் திரை நிற்குமே, அதேதான். புரொப்பெல்லரைப் பார்க்கக் கையெட்டும் தூரத்தில் வைக்கும் விளக்கு என்றால் மட்டும் வெள்ளை பரவாயில்லை.

நிறம் மாறும் விளக்கு வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்கலாம். அதில் உள்ள எல்இடி சில்லுகளை மூன்று நான்கு நிறத்துக்குப் பங்கு போட்டிருப்பார்கள், அதனால் பச்சையை மட்டும் எரியவிடும்போது, அதே வாட் உள்ள தனிப் பச்சை விளக்கை விட மங்கலாகவே இருக்கும்.

எத்தனை லுமென் (விளக்கு கொடுக்கும் வெளிச்சத்தின் அளவு) வாங்கலாம்? அதிகமாக வாங்கினால் தூரம் தெரியுமா?

வாங்குவதற்கு முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் ஓட்டை போட்டு, அடியில் கல் கட்டி, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, பகலில் நீங்கள் படகு நிறுத்தும் இடத்தில் மெதுவாக இறக்குங்கள். தட்டு எந்த முடிச்சில் கண்ணை விட்டு மறைகிறது என்று பாருங்கள். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து செய்துபார்த்த சோதனை இது. இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு முழத்திலேயே தட்டு மறைந்தால் எந்த விளக்கும் உங்களைக் காப்பாற்றாது. ஆள் உயரத்துக்கு மேல் தெரிந்தால் தாராளமாகச் செலவு செய்யலாம்.

இதை ஒரே காலத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், மழை கூடினால் உபரி நீர் கொள்ளிடத்தில் வரும், புதுத் தண்ணீர் செக்கச்செவேல் என்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லா வாய்க்காலும் கடலுக்கு மண்ணைக் கொண்டுபோகும். மழை ஓய்ந்து தை, மாசியில் காற்று அடங்கிய நாளில் பார்த்தால் அதே இடம் வேறு கடலாகத் தெரியும்.

இப்போது லுமென். கலங்கலில் வெளிச்சம் மீட்டருக்கு மீட்டர் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். ஒரு மீட்டரில் ஐந்தில் நாலு பங்கு போய்விடுகிற தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னும் ஒரே ஒரு மீட்டர் கூடுதலாக எட்ட ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும், அதாவது 2000 லுமென் எட்டுகிற தூரத்துக்கு மேலே ஒரு மீட்டர் போக 10000 லுமென். பெரிய விளக்கு வாங்கி ஏமாறுவது இங்கேதான். சின்ன படகுக்கு ஒவ்வொன்றும் 2000, 3000 லுமென் உள்ள பச்சை விளக்கு இரண்டு போதும், பணம் மிச்சமானால் அதை நல்ல வயருக்குப் போடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் லுமெனையும் அப்படியே நம்ப வேண்டாம். சில்லு மட்டும் கொடுக்கக்கூடிய கணக்கைப் போட்டிருப்பார்கள், கண்ணாடியைத் தாண்டி, சூடேறிய பிறகு வெளியே வருவது அதைவிடக் குறைவு. வாட் எவ்வளவு என்று பாருங்கள். 10 வாட் விளக்கில் 5000 லுமென் என்று எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஐபி 68 என்று போட்டிருக்கிறது, போதும்தானே?

போதாது. ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், அது படகுக்கு அடியில் போட ஆகாது. ஐபி 68 என்றால் அதற்கு மேல், ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். முக்கியமாக, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத்தண்ணீரில் மாசக்கணக்கில் கிடந்தால் உலோகம் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்லாது.

செத்துப்போன விளக்கை அறுத்துப் பார்த்தால் பல நேரம் கண்ணாடி ஓரத்து ரப்பர் நன்றாகவே இருக்கும். தண்ணீர் வந்த வழி வயர். வயர் உறைக்கு உள்ளே செம்புக் கம்பிகளுக்கு நடுவில் உள்ள நூலிழை இடைவெளியில், எங்கோ மேலே சரியாக மூடாத இணைப்பிலிருந்து உப்புத்தண்ணீர் ஊர்ந்து இறங்கியிருக்கும். உறையைச் சீவினால் கம்பி கறுத்து, ஆங்காங்கே பச்சை பிடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக வரும். அதனால் விளக்கு வாங்கும்போதே அதன் வயர் நுனியைக் கொஞ்சம் சீவச் சொல்லிப் பாருங்கள். கம்பி வெள்ளி மாதிரிப் பளபளத்தால் வெள்ளீயம் பூசிய கடல் வயர், செம்பு நிறமாகவே இருந்தால் வீட்டு வயர்.

நீச்சல் குள விளக்கு பாதி விலையில் கிடைக்கிறதே?

நல்ல தண்ணீர்க் குளத்துக்குச் செய்தது. பலவற்றின் சட்டம் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, கடலில் புள்ளி புள்ளியாக அரிக்கும். சிலது ஏசி 12 வோல்ட்டில் ஓடுவது, பேட்டரிக்கு ஒத்துவராது. ஒட்டும் எல்இடி ஸ்டிரிப் கேட்கிறவர்களுக்கும் இதே பதில், அது படகுக்கு உள்ளே, தளத்துக்கு மேலே போட்டுக்கொள்ள.

எந்த உலோகம் நல்லது?

வெண்கலம் நிம்மதி. மரப் படகுக்கும் பைபர் படகுக்கும் அதுவே என் முதல் தேர்வு. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு காற்றுப் படுகிற இடத்தில் ராஜா, ஆனால் தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் போகாத இடுக்கில், திருகுக்கு அடியில், பாசி மூடிய ஓரத்தில் அதுவும் அரிக்கும். 316 என்று சொல்லி 304-ஐத் தலையில் கட்டுவதும் நடக்கும், காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள், இரண்டிலுமே காந்தம் ஒட்டுவது அபூர்வம். வித்தியாசம் 316-இல் உள்ள இரண்டு மூன்று சதவீத மாலிப்டினத்தில், அதைக் காட்டும் சொட்டு மருந்துச் சோதனை உலோகக் கடைகளில் உண்டு.

சாதாரணப் பித்தளை வேண்டவே வேண்டாம். கடல் தண்ணீர் அதிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிவிடும், மஞ்சள் போய்ச் செம்பு நிறம் ஏறும், அப்புறம் ஒரு நாள் ஸ்பேனர் வைத்துத் திருகும்போது கையோடு உடைந்து வரும்.

அலுமினியப் படகில் வெண்கல விளக்கை நேராக மாட்டினால் இரண்டும் சேர்ந்து பேட்டரி ஆகி அலுமினியம் கரையும், அங்கே பிளாஸ்டிக் உடம்பு உள்ள விளக்கைப் போடுங்கள். தியாக உலோகக் கட்டி (படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போகும் கட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: கடலுக்குத் துத்தநாகம், ஆற்று நீருக்கு மெக்னீசியம், நம் கழிமுகம் மாதிரி இரண்டும் கலந்த இடத்துக்கு அலுமினியக் கட்டி.

பைபர் படகு, தினமும் கரையில் இழுத்துப் போடுவோம். எங்கே மாட்டுவது?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு வீடியோக்களில் பதில் கிடைக்காது, அவர்கள் படகு மரீனாவில் மிதந்துகொண்டே இருக்கும். டிராக்டர் வைத்தோ ஆள் சேர்ந்தோ மணலில் இழுக்கிற படகுக்கு அடிவயிற்றிலும் பக்கவாட்டிலும் விளக்கே கூடாது. பின்பலகையில் மட்டும், அதிலும் மணல் தொடாத உயரத்தில். அந்த உயரமும் தண்ணீருக்குள் சாண் ஆழமாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேராத படகுகள் உண்டு. அப்படியானால் கம்பியில் பொருத்தி, நின்ற பிறகு ஓரத்தில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது தூக்கிக்கொள்ளும் விளக்குதான் வழி. பார்க்க அழகில்லை, ஆனால் உடையாது.

உயரத்தை அளக்கும்போது படகு காலியாக மிதக்க வேண்டும். ஐஸ், வலை, ஆள், டீசல் எல்லாம் ஏற்றி அளந்தால் காலிப் படகில் விளக்கு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தால் இரண்டு கெடுதல். தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது, சூடு ஏறினால் தானாக அணையும் வசதி இல்லாத விளக்கு வெளியில் எரிந்தால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். இரண்டாவது, தூரத்தில் வருகிறவனுக்கு அது படகின் வலப்பக்கத்தைக் காட்டும் பச்சைப் பக்கவிளக்கு மாதிரித் தெரியும்.

புரொப்பெல்லரிலிருந்து தள்ளி வையுங்கள். நுரை அடிக்கிற இடத்தில் வெளிச்சம் சிதறிப்போகும், நீளத் தண்டு உள்ள லாங் டெயில் எஞ்சின் என்றால் தண்டு ஊசலாடுகிற அகலம் முழுவதையும் விட்டுவிட வேண்டும்.

ஓட்டை போட்டால் ஒழுகாதா?

மேலே ஒட்டுகிற வகைக்கு வயர் போகிற சின்னத் துளையும் திருகுத் துளைகளும்தான். உடலைத் துளைத்துப் பதிக்கிற வகைக்குப் பெரிய துளை, ஆனால் அதில் சிலவற்றில் சில்லை உள்ளேயிருந்தே மாற்றலாம், படகை ஏற்ற வேண்டாம். சின்ன படகுக்கு மேலே ஒட்டுவதே போதும்.

பைபர் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். துளையின் உள்சுவரை எப்பாக்சி தடவி மூடாமல் விட்டால் பிளைவுட் தண்ணீர் குடித்து ஊறி, வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே மக்கிவிடும். விளக்கை விட எஞ்சின் தொங்குகிற பலகை அது, ஞாபகம் இருக்கட்டும். சீலன்ட் கடல் வேலைக்கான பாலியூரித்தேன் வகை, குளியலறை சிலிக்கான் இல்லை. த்ரீஎம் 5200 மாதிரி நிரந்தர ஒட்டு போட்டால் பின்னால் விளக்கைக் கழற்றும்போது ஜெல் கோட்டும் (பைபரின் வெளிப்பூச்சு) சேர்ந்து வரும், 4200 மாதிரிக் கழற்றக்கூடியதைப் போடுங்கள்.

வயர் என்ன சைஸ், பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

30 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். நான்கு போட்டால் 10 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், ஆக 5 மணி நேரம். எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் இதைக் கோர்க்காதீர்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் சார்ஜ் வசதியே இருக்காது, கரைக்கு வந்துதான் ஏற்ற வேண்டும், அல்லது ஒரு சோலார் தகடு.

வயரில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பேட்டரியிலிருந்து விளக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 10 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே சுமார் 0.9 வோல்ட் தொலையும், ஏழு சதவீதத்துக்கு மேல். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் மூன்று சதவீதத்தில் நிற்கும். ஃப்யூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஸ்விட்ச் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (முனையோடு நசுக்கிப் பொருத்தி), உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போடுங்கள், அதுவும் தண்ணீர் தேங்குகிற அடித்தட்டுக்கு மேலே.

ஜெனரேட்டர் இருக்கிறது, 230 வோல்ட் விளக்கே போடலாமா?

கூடாது.

ஓடும்போது எரியவிடலாமா?

அணைத்துவிடுங்கள். 1972-ஆம் வருஷத்து சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, வழிகாட்டும் விளக்குகளோடு குழம்பக்கூடிய, அல்லது அவற்றை மங்கவைக்கக்கூடிய, அல்லது உங்கள் கண்காணிப்புக்கு இடைஞ்சலான வேறு விளக்கு எரியக் கூடாது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இழுவை வலை போட்டிருக்கிற படகு மேலே பச்சை, கீழே வெள்ளை காட்டும். இவ்வளவு பச்சைக்கு நடுவில் உங்கள் பச்சையும் சேர வேண்டாம். சிவப்பு விளக்கையும் பளிச் பளிச்சென்று மின்னுகிற நீலத்தையும் நின்றிருக்கும்போதும் தவிர்த்துவிடுவது நல்லது.

பாசி பிடித்தால்?

பிடிக்கும். வெதுவெதுப்பான நம் தண்ணீரில் பாசியும் சிப்பியும் கண்ணாடியில் சீக்கிரமே ஏறும். வாரம் ஒரு தடவை துணியால் துடைத்தால் சுரண்டும் வேலை மிச்சம். சிப்பி ஏறிவிட்டால் பிளாஸ்டிக் தகடு, கொஞ்சம் வினிகர், இரும்புச் சுரண்டி கிட்டேயே வரக் கூடாது. படகு அடியில் அடிக்கிற செம்புப் பெயின்ட் கண்ணாடி மேல் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், கோடியக்கரையில் போடலாமா?

இரண்டும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள இடம், ராத்திரி போவதற்கே அனுமதி வேண்டும், விளக்கு அப்புறம். நாகை, கோடியக்கரைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும், ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போகும், கரையோரம் நங்கூரமிட்ட படகு வெளிச்சமும் அதை இழுக்கும். அந்த மாதங்களில் கரைக்குப் பக்கத்தில் அணைத்தே வையுங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், மல்லிப்பட்டினம் பக்கத்துக்காரர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் தெப்பத்துக்கு அடியில் போடலாமா?

போடலாம், டெல்டாவில் இந்த விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே சொல்வேன். நல்ல தண்ணீர், அரிப்புக் கவலை குறைவு, நடமாட்டம் மெதுவாக, எரிய வேண்டியது சில ராத்திரிதான். இங்கே நீச்சல் குள விளக்கும் செல்லும், டிசி 12 வோல்ட்டாக இருந்தால். திருவாரூர் கமலாலயம் மாதிரிப் பெரிய குளத்தில் பீப்பாய்களை அடுக்கிக் கட்டுகிற தெப்பத்தில் ஓட்டை போடவும் வேண்டாம், வெளிவரிசைப் பீப்பாய்களுக்கு இடையே கட்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடலாம். வடம் உரசாத பக்கமாகப் பாருங்கள்.

ஆனால் கரையிலிருந்து 230 வோல்ட் கேபிளைத் தண்ணீரில் இழுத்துத் தெப்பத்துக்கு மின்சாரம் கொடுப்பது மட்டும் வேண்டாம். குளத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஜனம், படித்துறையில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும். பேட்டரியைத் தெப்பத்தின் மேலேயே, ஓதுவார் உட்காரும் இடத்துக்குத் தள்ளி, மூடிய பெட்டியில் வையுங்கள். நாகஸ்வரத்துக்கு மைக் வைக்கிறவர் அதே பேட்டரியில் ஒரு வயர் கேட்பார், அவருக்குத் தனியாக இன்னொன்று கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

எப்போது மாட்டுவது?

விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில், படகு எப்படியும் மேலே ஏறியிருக்கும்போது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் துளை, எப்பாக்சி, சீலன்ட் வேலையை முடித்து, சீலன்ட் காய டப்பாவில் போட்டிருக்கிற நாளை முழுதாகக் கொடுங்கள். கடைசி வாரத்தில் வந்து அவசரமாகக் கேட்டால் எந்த நல்ல எலக்ட்ரீஷியனும் கிடைக்க மாட்டார், எல்லோரும் யாரோ ஒருவருடைய எஞ்சின் ரூமுக்குள் இருப்பார்கள்.